2007-ல செஞ்ச ஃப்ளாஷ் சிடிய இப்ப ஓட வச்ச கதை

இந்த ஜூன்ல ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரம் கூட ஆகல, பெரியம்மா மக அக்கா போன் பண்ணாங்க. ஊர்ப்பக்கம் ஒரு ஸ்கூல்ல அறிவியல் டீச்சர் அவங்க, ரிடையர்டு ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. "தம்பி, நீ எனக்கு பண்ணிக் குடுத்தல்ல அந்த லென்ஸ் சிடி, புது லேப்டாப்புல ஓட மாட்டேங்குதுப்பா, வெறும் வெள்ளைக் கட்டமா வருது, நான் வேற பிள்ளைங்கள உக்கார வச்சிட்டேன்"னு சொன்னாங்க. பத்தாங்கிளாஸ் ஒளியியல் பாடம். நடுவுல சிலபஸ் எத்தனையோ தடவ மாறிருச்சு, லென்ஸ் மாறலையே, அதனால வருஷா வருஷம் அந்த சிடியத்தான் போட்டுக் காட்டிட்டு இருந்திருக்காங்க, அவங்களோட பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பிலேயே இருந்ததால இத்தனை வருஷம் பிரச்சனை வரல. அது போன ஏப்ரல்ல ஒரேயடியா நின்னு போச்சு.

எனக்கு அந்த போன் வந்தப்ப சந்தோஷமும் வருத்தமும் ஒண்ணாதான் வந்துச்சு. 2007-ல நான் மதுரையில கல்வி சிடி பண்ற ஒரு சின்ன கம்பெனியில வேலை பாத்தேன், ஃப்ளாஷ் 8-ன்ற அனிமேஷன் மென்பொருள்லதான் எல்லாம். ராத்திரி ராத்திரியா உக்காந்து அக்காவுக்குன்னு தனியா பண்ணுனது அது, மொத்தம் 24 ஃபைல். அதுல ஒண்ணுதான் குவிலென்ஸ். மெழுகுவத்திய மவுஸால புடிச்சு இழுத்தா இந்தப் பக்கம் பிம்பம் தானா நகரும், பெருசாகும், தலைகீழாகும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கதிர்கள கோடு போட்டு வரையும். குவியத்தூரம் 10 செ.மீ.ன்னு வச்சிருந்தேன். மெழுகுவத்திய 15-ல வச்சா பிம்பம் 30-ல, ரெண்டு மடங்கு உயரத்துல தலைகீழா வந்து நிக்கும். சரியா 10-ல வச்சா கதிரெல்லாம் இணையா போயிரும், பிம்பமே இருக்காது. அத கரும்பலகையில எத்தனை படம் போட்டாலும் புரிய வைக்க முடியாது, இழுத்துப் பாத்தாதான் புரியும்.

வெள்ளைக் கட்டம் ஏன் வருதுன்னு மொதல்ல சொல்லிர்றேன். சிடியில ஒவ்வொரு பாடமும் ஒரு எச்டிஎம்எல் பக்கம், அந்தப் பக்கத்துக்குள்ள ஒரு எஸ்டபிள்யூஎஃப் ஃபைல், ஃப்ளாஷ்ல செஞ்சு முடிச்சா கிடைக்கிற ஃபைல் அது. பிரவுசருக்கு எஸ்டபிள்யூஎஃப்-ன்னா என்னன்னே தெரியாது, அது ஃப்ளாஷ் பிளக்-இன்ன, அதாவது பிரவுசரோட சேத்து மாட்டுற துணை மென்பொருள, கூப்பிட்டு "இந்தா இந்தக் கட்டத்துக்குள்ள நீ வரஞ்சுக்கோ"ன்னு எடத்த விட்டுக் குடுத்துரும். நெட்ஸ்கேப் காலத்துல வந்த ஏற்பாடு இது, என்பிஏபிஐன்னு பேரு. பிளக்-இன் பிரவுசர் வீட்டுக்குள்ள குடியிருந்தாலும் அதுக்குன்னு தனிச் சாவி உண்டு, நம்ம கம்ப்யூட்டர்ல நம்மளால என்னென்ன செய்ய முடியுமோ அநேகமா அத்தனையும் அதுவும் செய்யும், அதுல ஒரு ஓட்டை இருந்தா பிரவுசர் எவ்வளவு பத்திரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஃப்ளாஷ்ல அப்படி ஓட்டை மாசா மாசம் வந்துட்டே இருந்துச்சு. அதான் குரோம் 2015-ல, ஃப்ளாஷுக்கு மட்டும் வேற வழிய வச்சுக்கிட்டு, என்பிஏபிஐய தூக்குச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017-ல ஃப்ளாஷ மட்டும் விட்டுட்டு ஜாவா, சில்வர்லைட் மாதிரி மத்த பிளக்-இன் எல்லாத்தையும் தூக்குச்சு, அதே 2017 ஜூலையில ஃப்ளாஷுக்கு சொந்தக்காரங்களான அடோபியே 2020 கடைசியோட ஃப்ளாஷ நிறுத்துறோம்னு அறிவிச்சுட்டாங்க. 2021 ஜனவரியில வந்த குரோம் 88, ஃபயர்ஃபாக்ஸ் 85 ரெண்டுலயும் ஃப்ளாஷுக்கு எடமே இல்ல.

நெறய பேருக்கு தெரியாதது என்னன்னா, ஃப்ளாஷ் பிளேயருக்குள்ளயே ஒரு தேதி வச்சிருந்தாங்க. கடைசியா வந்த வெர்ஷன்கள்ல 2021 ஜனவரி 12 தாண்டுனா பிளேயர் தானாவே எதையும் ஓட்டாது, படத்துக்கு பதிலா ஒரு சின்ன குறி மட்டும் காட்டும். 32.0.0.371-ன்ற வெர்ஷன் வரைக்கும் அந்தத் தேதிப்பூட்டு கிடையாது, அதனாலதான் பழைய ஆளுங்க இன்னும் அந்த நம்பரத் தேடிட்டு இருக்காங்க. பூட்டு இருக்கிற வெர்ஷன்லயும் எம்எம்எஸ் டாட் சிஎஃப்ஜின்னு ஒரு செட்டிங் ஃபைல்ல இன்ன முகவரிய மட்டும் அனுமதின்னு எழுதி வச்சா ஓடும், கம்பெனிகளுக்காக விட்டு வச்ச வழி அது. போதாததுக்கு விண்டோஸும் கேபி4577586-ன்னு ஒரு அப்டேட் விட்டு, விண்டோஸோட கூடவே வந்த ஃப்ளாஷ சுத்தமா பிடுங்கிருச்சு.

ஆனா நான் இதையெல்லாம் அக்கா லேப்டாப்புல செய்யப் போறதில்லன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டேன். ஏன்னா நான் போறதுக்கு முன்னாடியே அக்கா மகன் நெட்ல ஃப்ளாஷ் பிளேயர் டவுன்லோடுன்னு தேடி, வந்த மொத லிங்க்க அமுக்கி என்னத்தையோ இன்ஸ்டால் பண்ணி வச்சிருந்தான். பிரவுசரத் தொறந்தாலே மூலைக்கு மூலை விளம்பரம், தேடல் பக்கமே வேற எதுவோவா மாறி இருந்துச்சு. அத கழட்டவே எனக்கு ஒரு அரை நாள். தயவு செஞ்சு கேட்டுக்கறேன், இப்ப யாராச்சும் "ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட் பண்ணுங்க"ன்னு காட்டுனா அது நூத்துக்கு நூறு ஏமாத்து வேலை, அப்டேட்னு ஒண்ணு 2020 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. அதே மாதிரி பழைய ஃபயர்ஃபாக்ஸ எறக்கி, பழைய பிளக்-இன்ன போட்டு, அதுலயே பேங்க் வேலையும் மெயிலும் பாக்குற ஆளுங்கள எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீங்க. பழைய பிளக்-இன் வேணும்னா அதுக்குன்னு ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர், போட்டு, அதுல விண்டோஸ் 7 போட்டு, நெட்வொர்க் அடாப்டர கழட்டி விட்டுட்டு, அந்தப் பெட்டிக்குள்ள வச்சு ஓட்டுங்க.

சரி, சிடிக்கு வர்றேன். புது லேப்டாப்புல டிரைவே இல்ல, நான் எக்ஸ்டர்னல் டிவிடி டிரைவ் எடுத்துட்டுப் போனேன். சிடி பொட்டிய தொறந்தா என் கையெழுத்துல மார்க்கர் பேனாவுல எழுதுனது அப்படியே இருக்கு. சிடியத் திருப்பி வெளிச்சத்துல பாத்தா ஓரத்துல லேசா மங்கல். வீட்ல எரிக்கிற சிடியில டேட்டா இருக்கிறது ஒரு சாயப் பூச்சுலதான், பதினேழு வருஷ வெயிலுக்கும் வெக்கைக்கும் அந்தச் சாயம் எவ்வளவுதான் தாங்கும். காப்பி போட ஆரம்பிச்சா 14 ஃபைல் சட்டுனு வந்துருச்சு, அதுக்கப்புறம் டிரைவ் உறுமிட்டே நிக்குது. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு டூல் இருக்கு, அது படிக்க முடிஞ்சத மொதல்ல எடுத்து வச்சுக்கிட்டு, படிக்க முடியாத எடத்த மட்டும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். அத ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கிட்டேன். காலையில பாத்தா 23 ஃபைல் முழுசா வந்திருந்துச்சு. ஒண்ணு மட்டும் வரல, இதயத்துல ரத்தம் சுத்துறத காட்டுற ஃபைல், நடுவுல கொஞ்சம் செக்டர் போச்சு.

கொஞ்சம்தானே போச்சு, மிச்சத்த காப்பாத்திரலாம்னுதான் நெனச்சேன். ஃபைல பைட் பைட்டா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்து பாத்தேன். எஸ்டபிள்யூஎஃப் ஃபைலோட மொத மூணு எழுத்து அதோட ஜாதகத்தையே சொல்லும். எஃப் டபிள்யூ எஸ்னு இருந்தா சுருக்காத ஃபைல், சி டபிள்யூ எஸ்னு இருந்தா ஜிலிப் முறையில சுருக்குனது, இசட் டபிள்யூ எஸ்னா பிற்காலத்துல வந்த இன்னொரு சுருக்கம். அடுத்த பைட் வெர்ஷன் நம்பர். என்னோடதுல சி டபிள்யூ எஸ், அப்புறம் 08. அதாவது மொத எட்டு பைட்டுக்கு அப்புறம் மொத்த ஃபைலும் ஒரே சுருக்கமா, ஒரே கயிறா இருக்கு, நடுவுல அறுந்தா அதுக்குப் பின்னாடி இருக்கிறது எதையுமே விரிக்க முடியாது. அன்னிக்கு பப்ளிஷ் பண்றப்ப கம்ப்ரெஸ்ன்ற அந்த டிக்க எடுத்து விட்டிருந்தா அறுந்த எடம் போக மிச்ச படங்களாவது தேறியிருக்கும். மறுபடி திருத்தக்கூடிய ஒரிஜினல் எஃப்எல்ஏ ஃபைல்களும் 2010-ல என் ஹார்ட் டிஸ்க் போனப்பவே போயிருச்சு. அந்த இதயத்துக்கு நான் எட்டு ராத்திரி செலவு பண்ணியிருந்தேன். வால்வு ஒவ்வொண்ணும் தனித்தனியா தொறந்து மூடும்.

மிச்சம் 23-ஐயும் எப்படி ஓட்டுறது? மொதல்ல ரஃபிள் போட்டேன். ரஃபிள்ங்கிறது ஃப்ளாஷ் பிளேயர யாரோட கோடையும் எடுக்காம ரஸ்ட் மொழியில மொதல்ல இருந்து எழுதுற ஒரு ஓப்பன் சோர்ஸ் வேலை. பிரவுசரே ஓட்டுற வெப்அசெம்ப்ளின்ற கோடா பிரவுசருக்குள்ள ஓடுது, அதனால பிரவுசரோட வேலிக்குள்ளயே நிக்குது, பழைய பிளக்-இன் மாதிரி தனிச் சாவி கிடையாது. எக்ஸ்டென்ஷனா போட்டுக்கலாம், சைட் வச்சிருக்கிறவங்க ஒரு ஸ்கிரிப்ட் வரி சேத்தா பாக்க வர்றவங்க எதையுமே இன்ஸ்டால் பண்ண வேண்டாம், டெஸ்க்டாப்புக்கு தனி ஆப்பும் இருக்கு. பழைய சைட்டுகள சேமிச்சு வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர்ல இருந்து பழைய ஃப்ளாஷ் விளையாட்டையும் அனிமேஷனையும் இதுலதான் ஓட்டுது. என் ஃபைலெல்லாம் ஃப்ளாஷோட நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2, அது ரஃபிளுக்கு நல்லாவே வரும். 2006-ல ஃப்ளாஷ் பிளேயர் 9-ஓட வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 முழுக்க வேற எஞ்சின், அதுல எழுதுனது சிலது ஓடும், சிலது பாதியில நிக்கும்.

லென்ஸ் ஃபைல ரஃபிள்ல இழுத்துப் போட்டேன். வந்துருச்சு. மெழுகுவத்தி, லென்ஸ், கதிர், எல்லாம் அப்படியே. இழுத்தேன், பிம்பம் நகருது. அக்கா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணுமே பேசல, முந்தானையால கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு திரும்பவும் பாத்தாங்க.

ஆனா எழுத்து தப்பா இருந்துச்சு. இது தமிழ்ல ஃப்ளாஷ் பண்ணுன எல்லாருக்கும் வர்ற தலைவலி, இங்கிலீஷ்காரங்களுக்கு இது புரியவே புரியாது. அந்தக் காலத்து ஃப்ளாஷுக்கு யூனிகோட் தமிழ், அதாவது இப்ப நாம போன்ல அடிக்கிற முறை, ஒழுங்கா வராது, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பெல்லாம் எழுத்துக்கு பின்னாடி போய் நிக்கும், 2008-ல ஃப்ளாஷ் பிளேயர் 10-ல புது டெக்ஸ்ட் எஞ்சின் வந்தப்புறம்தான் அது சரியாச்சு. அதனால நாங்க எல்லாம் பாமினி ஃபான்ட்லதான் அடிச்சோம். பாமினியில கம்ப்யூட்டருக்கு தெரியிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் மட்டும்தான் அத தமிழா காட்டுது. 'தமிழ்'னு வரணும்னா ஃபைலுக்குள்ள ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன், அவ்வளவுதான் இருக்கும். மாறாத எழுத்துக்கெல்லாம் ஃப்ளாஷ் அந்த எழுத்து வடிவத்தையே ஃபைலுக்குள்ள வச்சிரும், அதனால பொருள், பிம்பம், முதன்மை அச்சு எல்லாம் அழகா தெரிஞ்சுது. இழுக்க இழுக்க மாறுற எழுத்து இருக்கு பாருங்க, "பொருளின் தொலைவு 15 செ.மீ."ன்னு, அதுக்கு நான் ஃபான்ட்ட உள்ள வைக்காம கம்ப்யூட்டர்ல இருக்கிற பாமினிய எடுத்துக்கோன்னு விட்டிருந்தேன், அன்னிக்கு எல்லார் கம்ப்யூட்டர்லயும் பாமினி இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. 15-ன்ற நம்பர் மட்டும் சரியா இருக்கு, சுத்தி உள்ளதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் நிறுத்தற்குறியுமா கிடக்கு.

பிரவுசர்ல ஓடுற ரஃபிள் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபான்ட்ட இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அதனால இந்த மாதிரி ஃபைலுக்கு ஃப்ளாஷ் புரொஜெக்டருக்கு போனேன். புரொஜெக்டர்ங்கிறது அடோபியே டெவலப்பர்களுக்கு குடுத்த தனி பிளேயர், ஒரே ஒரு இஎக்ஸ்இ, இன்ஸ்டால் கூட பண்ண வேண்டாம், பிரவுசருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஃபைல் ஓப்பன்ல எஸ்டபிள்யூஎஃப்-ஐ காட்டுனா ஓட்டும். நம்ம கையால செஞ்ச ஃபைல, நெட் இல்லாம ஓட்டுறதுக்கு இத விட சுலபமான வழி இல்ல. பாமினிய லேப்டாப்புல இன்ஸ்டால் பண்ணிட்டு புரொஜெக்டர்ல தொறந்தேன், எழுத்து வந்துருச்சு. அப்புறம் இன்னும் நிரந்தரமா இருக்கட்டும்னு செஞ்சு முடிச்ச எஸ்டபிள்யூஎஃப்-ஐ பிரிச்சு மாத்த விடுற ஜேபிஇஎக்ஸ்எஸ்-ன்ற டீகம்பைலர்ல ஃபைல தொறந்து பாமினி எழுத்து வடிவத்த உள்ளயே வச்சு சேவ் பண்ணிட்டேன், இப்ப ரஃபிள்லயும் சரியா தெரியுது. பிள்ளைங்க போன்லயே பாக்கலாம். 2012-லயே ஆண்ட்ராய்டுல ஃப்ளாஷ நிறுத்திட்டாங்க, ஐபோன்ல எப்பவுமே இல்ல, ஆனா ரஃபிள் போன் பிரவுசர்லயும் ஓடுது, அதனால இந்த சிடி மொத தடவையா போனுக்கு வந்தது அது செத்துப் போனப்புறம்தான்.

அக்கா மகளோட லேப்டாப்புல லினக்ஸ் இருக்கு, அதுல போட்டா மெனு வருது, எந்தப் பாடத்த அமுக்குனாலும் ஒண்ணும் நடக்கல. ஒரு மணி நேரம் தேடுனப்புறம் தெரிஞ்சுது, மெனு ஃபைல்ல நான் சின்ன எழுத்துல ஃபைல் பேர எழுதியிருக்கேன், சிடியில எல்லாம் பெரிய எழுத்துல இருக்கு. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, லினக்ஸுக்கு வேற வேற. பேர மாத்துனதும் ஓடிருச்சு.

நான் உண்மையில எழுத வந்தது வினாடி வினா ஃபைல பத்தி. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தெரிஞ்ச வழிதான், தேடுனா யாருக்கும் கிடைக்கும். பிளேயருக்கு ஒரு வழி எப்படியும் பொறந்திரும், ரஃபிள் இல்லேன்னா புரொஜெக்டர், அதுவும் இல்லேன்னா விர்ச்சுவல் மெஷின். ஃபைலு கேக்குற மத்த ஃபைல் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க? அந்த வினாடி வினாவுல 40 கேள்வி. கேள்விய மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் சிடி எரிக்க வேண்டாமேன்னு, கேள்விகள எக்ஸ்எம்எல் ஃபைலா, அதாவது குறி போட்டு பிரிச்ச எழுத்து ஃபைலா, கம்பெனி சர்வர்ல வச்சிருந்தேன், ஸ்கூல்லயும் அப்ப பிராட்பேண்ட் இருந்துச்சு, சிடியில இருக்கிற எஸ்டபிள்யூஎஃப் அங்க போய் கேள்விய எடுத்துக்கும். கம்பெனி 2011-ல மூடிட்டாங்க. டொமைன் யாரும் புதுப்பிக்கல. இப்ப அந்த ஃபைல ஓட்டுனா பின்னணி வருது, "கேள்விகள் வருகின்றன"ன்னு ஒரு சக்கரம் சுத்துது, சுத்திட்டே இருக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவோட பழைய பக்கச் சேமிப்பான வேபேக் மெஷின்ல தேடுனேன், கம்பெனியோட முகப்புப் பக்கம் மட்டும் ரெண்டு தடவ சேமிச்சிருக்கு, எக்ஸ்எம்எல் இல்ல. பிளக்-இன் செத்தது 2021-ல. என் வினாடி வினா அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே செத்துருச்சு, நான் கவனிக்கவே இல்ல.

ஃப்ளாஷ்பாயிண்ட்னு ஒரு கூட்டம் இருக்கு, 2018-ல ஆரம்பிச்சது, ஃப்ளாஷ் மட்டும் இல்ல, ஷாக்வேவ், ஜாவா ஆப்லெட், யூனிட்டி வெப் பிளேயர்னு செத்துப் போன பிளக்-இன் எல்லாத்துக்குமா சேத்து ஒரு லட்சத்துக்கும் மேல விளையாட்டும் அனிமேஷனும் காப்பாத்தி வச்சிருக்காங்க, மொத்தமா எறக்குனா ஒரு டெராபைட்டுக்கு மேல வரும். அவங்க வேலையோட சூட்சுமமே இந்த எடத்துலதான் இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்லயே ஒரு குட்டி சர்வர் ஓடும், விளையாட்டு தன்னோட பழைய சைட்ட கேட்டா அந்தக் குட்டி சர்வர் "நான்தான் அந்த சைட்டு"ன்னு பதில் சொல்லி சேமிச்சு வச்ச ஃபைல எடுத்துக் குடுக்கும். விளையாட்டு இன்னும் 2005-லயே இருக்கிறதா நம்பும். அதுக்கு யாராச்சும் அந்த சைட்டு உயிரோட இருக்கும்போதே ஒவ்வொரு துணை ஃபைலையும் எடுத்து வச்சிருக்கணும். எங்க சைட்ட யாரும் எடுத்து வைக்கல. தமிழ்ல அப்ப வந்த எத்தனையோ சைட்டுகள, கதை சொல்ற ஃப்ளாஷ், திருக்குறள் ஃப்ளாஷ், கல்யாணப் பத்திரிகை ஃப்ளாஷ், எதையுமே முறையா எடுத்து வச்சவங்கள நான் பாக்கல.

அக்காகிட்ட வருத்தமா சொன்னேன், கேள்வி போயிருச்சுக்கான்னு. அவங்க எந்திரிச்சுப் போய் பீரோவுல இருந்து ஒரு நீள நோட்ட எடுத்துட்டு வந்தாங்க. 2007-ல நான் கேள்வி கேட்டப்ப அவங்க மொதல்ல அந்த நோட்டுலதான் எழுதி வச்சிருக்காங்க, நாலு விடையோட, சரியான விடைக்கு பக்கத்துல சிவப்பு மையில டிக்கோட. ஒரு தாள் கிழிஞ்சிருந்துச்சு, 40-ல 34 கிடைச்சுது.

அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து டைப் பண்ணோம், அவங்க வாசிக்க நான் அடிக்க. யூனிகோட்ல அடிச்சு கன்வெர்ட்டர்ல பாமினியா மாத்தணும், ஏன்னா எஸ்டபிள்யூஎஃப்-குள்ள இருக்கிற எழுத்துப் பெட்டிக்கு பாமினிதான் தெரியும். மாத்தி எக்ஸ்எம்எல்ல போட்டு அந்த ஃபைல மட்டும் தனியா சோதிச்சேன், 11 கேள்வி வரைக்கும் சரியா இருந்துச்சு, 12-வதுல நின்னு போச்சு. 12-வது கேள்வி புவி ஈர்ப்பு விசைய பத்தி. எனக்கு புரியவே இல்ல, எழுத்து எழுத்தா பாத்தேன். பாமினியில 'ஈ'-க்கு இருக்கிற குறி கணக்குல 'விடக் குறைவு'ன்னு போடுவோமே அந்தக் குறி. எக்ஸ்எம்எல்ல அந்தக் குறி வந்தா புது டேக் தொடங்குதுன்னு அர்த்தம். ஈர்ப்புன்னு எழுதுனதும் எக்ஸ்எம்எல் அங்கயே உடைஞ்சு போச்சு! 2007-லயும் இதே எடத்துல நான் முழிச்சிருப்பேன் போல, எப்படி சமாளிச்சேன்னு இப்ப ஞாபகம் இல்ல. கேள்வி எல்லாத்தையும், உள்ள இருக்கிற குறிய டேக்கா எடுக்காதேன்னு சொல்ற சிடேட்டா கட்டத்துக்குள்ள போட்டதும் சரியாச்சு.

இன்னொரு பூட்டும் இருந்துச்சு. டீகம்பைலர்ல போய் சர்வர் முகவரிய எடுத்துட்டு வெறும் ஃபைல் பேர மட்டும் வச்சேன், அப்பவும் கேள்வி வரல. ஃப்ளாஷ் 8-ல இருந்து ஒரு எஸ்டபிள்யூஎஃப் நம்ம கம்ப்யூட்டர்ல இருந்து ஓடுனா, ஒண்ணு அது நெட்டுக்கு போகலாம், இல்ல பக்கத்துல இருக்கிற ஃபைல படிக்கலாம், ரெண்டையும் செய்ய விட மாட்டாங்க, நம்ம ஃபைல படிச்சு வெளிய அனுப்பிரக் கூடாதுன்னு. எதுன்னு பப்ளிஷ் பண்ணும்போதே ஒரு பிட்ல எழுதிரும். நான் நெட்டுன்னு வச்சிருந்தேன், அத மாத்துனப்புறம்தான் பக்கத்துல இருந்த எக்ஸ்எம்எல்ல எடுத்துச்சு. ராத்திரி பதினொண்ணு இருக்கும், சக்கரம் சுத்துறது நின்னு மொத கேள்வி வந்துச்சு. அக்கா அப்பவே 34-க்கும் பதில் சொல்லி முடிச்சுட்டுதான் தூங்கப் போனாங்க.

ஃப்ளாஷ் கதை இது. மத்த பிளக்-இன்னுக்கு வழி வேற. எங்க தெருவுல சிமெண்ட் கடை வச்சிருக்கிற அண்ணன் கடையில பழைய சிசிடிவி டிவிஆர், அத பிரவுசர்ல பாக்கணும்னா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோட பிளக்-இன் முறையான ஆக்டிவ்எக்ஸ் கேக்கும், அதுக்கு எட்ஜ்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட் இருக்கு, செட்டிங்ல டீஃபால்ட் பிரவுசர்ன்ற எடத்துல போய் அனுமதி குடுத்து டிவிஆர் முகவரிய சேத்தா ஓடும். 30 நாளைக்கு ஒரு தடவ அது காலாவதியாகும், மறுபடி சேக்கணும், கெட்டுப் போச்சுன்னு நெனச்சுறாதீங்க. 2029 வரைக்குமாவது இந்த மோட் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. ஜாவா ஆப்லெட்டுக்கு சீர்ப்ஜேன்னு ஒண்ணு பிரவுசருக்குள்ளயே ஓட்டுது. அறிவியல் டீச்சர்களுக்கு தெரிஞ்ச ஃபெட் சிமுலேஷன்கள், கொலராடோ யுனிவர்சிட்டி பண்றது, அதுல பழைய ஜாவா சிமுலேஷன்கள இப்படித்தான் ஓட விட்டாங்க, நெறயத்த எச்டிஎம்எல் 5-லயே புதுசா எழுதிட்டாங்க, தமிழ்லயும் சிலது இருக்கு. ஷாக்வேவ் 2019-ல நின்னுச்சு, அது ரொம்ப கஷ்டம், அதுக்கு ஃப்ளாஷ்பாயிண்ட் இல்லேன்னா விர்ச்சுவல் மெஷின்தான்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன். உங்க வீட்ல பழைய சிடி இருந்தா மொதல்ல ஓட்டப் பாக்காதீங்க, மொதல்ல முழு சிடியையும் ஐஎஸ்ஓ-வா, அதாவது ஒரே ஃபைலா அப்படியே நகலா, எடுத்து ரெண்டு எடத்துல வைங்க, ஓட்டுறத அப்புறம் நிதானமா பாத்துக்கலாம். அந்தக் காலத்து சைட்டு ஏதாச்சும் இன்னும் உயிரோட இருந்தா எஸ்டபிள்யூஎஃப் ஒண்ண மட்டும் எடுக்காதீங்க, பிரவுசர்ல நெட்வொர்க் டேப தொறந்து வச்சுட்டு ரஃபிள்ல ஓட்டிப் பாருங்க, அது என்னென்ன ஃபைல கூப்பிடுதுன்னு வரிசையா தெரியும், அத்தனையையும் அதே ஃபோல்டர் அமைப்போட எடுத்து வைங்க.

போன வாரம் அக்கா வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. ஸ்மார்ட் போர்டுல லென்ஸ் ஓடுது, ஒரு பொண்ணு மெழுகுவத்திய இழுத்துட்டே வர்றா, 13, 12, 11, பிம்பம் பெருசாகிட்டே போய் போர்டு ஓரத்த தாண்டிருச்சு, 10-ல வச்சதும் கதிர் இணையாயிருச்சு. "மிஸ், பிம்பம் எங்க போச்சு?"ன்னு கேக்குறா. அக்கா பதில் சொல்லல, "இன்னும் கொஞ்சம் உள்ள இழுத்துப் பாரு"ன்னு மட்டும் சொல்றாங்க. 8-ல வச்சதும் மெழுகுவத்திக்கு பின்னாடி, இந்தப் பக்கமே, பெருசா நிமிர்ந்த பிம்பம் வருது, மொத்த கிளாஸும் ஓன்னு சத்தம் போடுது.

இதயம் ஃபைல் மட்டும்தான் பாக்கி. 2007-ல அக்கா ஒரு டீச்சர் டிரெயினிங்ல இந்த சிடிய அஞ்சாறு பேருக்கு காப்பி போட்டுக் குடுத்திருக்காங்க, யார் யாருக்குன்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல. வெள்ளை சிடி, மேல பச்சை மார்க்கர்ல "அறிவியல் 10"ன்னு எழுதியிருக்கும், உள்ள ஹார்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், 412 கேபி. பழைய டீச்சர் யாராச்சும் வீட்ல, பீரோ மேல, அட்டப்பொட்டியில இருந்தா ஓட்டிப் பாக்காம அப்படியே எடுத்து வச்சுட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, டிரைவோட நானே வந்து எடுத்துக்கறேன்.